கோப்பைக்குள் நடந்து வந்தவன்

நெரிமானின் காபிக் கோப்பையில் அந்த மனிதன் முதன்முதலாகத் தென்பட்டது 1961ஆம் ஆண்டு, பருத்தி எடுப்பு முடிந்த வாரம், ஒரு வியாழக்கிழமை பிற்பகல். அப்போது அவன் கடுகளவுதான் இருந்தான். கோப்பையின் உட்சுவரில் மண்டி ஒரு மலையாகப் படிந்திருந்தது. அதன் தூரத்துச் சரிவில் அவன் ஏறிக்கொண்டிருந்தான். அவனைக் கண்டுபிடித்தவள் நெரிமானின் அக்கா சாதெத். புருஷன் இறந்ததும் தையல் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு தங்கையோடு இருக்க வந்தவள். காபியைக் குடித்து முடித்ததும் தட்டால் மூடி, கவிழ்த்து, ஆறவிட்டு, மண்டி இழுத்த கோலத்தைப் பார்த்து நாலு வார்த்தை சொல்வது பெர்காமா ஊரில் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். மீன் தெரியும், பறவை தெரியும், சாவி தெரியும். தெரிந்தவை தெரிந்த இடத்திலேயே இருக்கும்.

“அடியே, இது நகருதுடி,” என்றாள் சாதெத்.

“ஈரம் வழியுதுக்கா.”

“ஈரம் வழிஞ்சா கீழ போகும். இவன் மேல ஏறுறான். தோள்ல மூட்டை வேற.”

மறுநாள் அவன் முந்தின நாள் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான். அக்கம்பக்கத்துப் பெண்கள் தங்கள் கோப்பைகளைக் கொண்டுவந்து கவிழ்த்துப் பார்த்தார்கள். அவற்றில் வழக்கமான மீனும் சாவியும்தான் இருந்தன. நெரிமான் குடித்த கோப்பையில் மட்டும் அவன் நடந்தான், நெரிமானின் பக்கமாகவே நடந்தான். 1964இல் மலையைத் தாண்டினான். 1966ஆம் ஆண்டுக் கோடையில் ஒரு ஆப்பிள் தோப்பில் கூலி வேலைக்கு நின்றுவிட்டான். தெருவே பொறுமை இழந்தது. 1969இல் அவனுக்குப் பின்னால் முனை உடைந்த மினார் ஒன்று தெரிந்தது. லாரி ஓட்டுநர் ஒருவர் கோப்பையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, அது கிழக்கே எர்ஸின்ஜான் பக்கம், அந்த மசூதிக்கு எதிரில் தான் டயர் மாற்றியிருப்பதாகச் சொன்னார். அதற்குப் பிறகு யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. புகையிலைக்கு என்ன விலை அறிவித்தார்கள் என்று கேட்கும் அதே குரலில், “இப்ப எங்க வந்திருக்கான்?” என்று கேட்டார்கள். நெரிமானும் வெட்கப்படாமல் பதில் சொன்னாள்.

அந்தக் காபியை வறுத்து அரைத்துக் கொடுத்தவர் ஷாகிர். கடைத்தெருவில் செம்புக் கொல்லர்களுக்கு அடுத்த கடை அவருடையது. கருவாலிக் கரி நெருப்பில் உருளையைச் சுற்றிக்கொண்டே, வருகிறவர்களிடம் காபி தலைவலிக்கு நல்லது, கொழுப்புச் சாப்பாடு செரிக்க நல்லது, நாடி விழுந்தவனை எழுப்பி உட்கார வைக்கும், மனசு மந்தமானால் அதற்கும் கேட்கும் என்று சொல்வார். தபால் நிலையத்தில் தொலைபேசி இணைப்புக் கொடுக்கும் வேலையில் இருந்த நெரிமான், ஒவ்வொரு சனிக்கிழமையும் வீடு திரும்பும் வழியில் நூறு கிராம் வாங்குவாள். அவளிடம் மட்டும் அவர் காபியின் பலன்களைச் சொல்வதில்லை. சொல்ல வாய் வருவதில்லை. அவளுக்காகத் தனியாக, ஒரு பதம் குறைவாக வறுத்து வைத்திருப்பார். அவள் அதைக் கவனித்ததே இல்லை.

1962இல் அவர் தன் சித்தப்பாவை அழைத்துக்கொண்டு பெண் கேட்கப் போயிருந்தார். பெர்காமாவில் வழக்கம் எல்லோருக்கும் தெரியும்: பெண் காபி போட்டுக் கொண்டுவருவாள். மாப்பிள்ளையைப் பிடித்திருந்தால் அவன் கோப்பையில் மட்டும் உப்பைக் கொட்டிக் கலக்குவாள். அவன் முகம் சுளிக்காமல் குடித்தால் மற்றவர்கள் சிரிப்பார்கள், நிச்சயம் ஆகிவிடும். ஷாகிர் அன்று உப்புக்குத் தயாராக உட்கார்ந்திருந்தார். நெரிமான் கொண்டுவந்தது, வாழ்நாளில் அவர் குடித்தவற்றிலேயே சிறந்த காபி. நுரை ஒரு விரல் உயரம் நின்றது. கசப்பு அளவாக இருந்தது. ஒரு துளி உப்பு இல்லை. கடைசி வாய் வரைக்கும் தேடிப் பார்த்தார். பிறகு கோப்பையைக் கவிழ்க்காமல் நிமிர்ந்தபடியே தட்டில் வைத்துவிட்டு, “கைக்கு ஆரோக்கியம் உண்டாகட்டும், நெரிமான் ஹானும்,” என்று சொல்லி எழுந்தார். சித்தப்பா வழியெல்லாம் அந்தக் காபியைப் புகழ்ந்துகொண்டே வந்தார். அதற்குப் பிறகு எந்த வீட்டிலும் ஷாகிர் தன் கோப்பையைக் கவிழ்க்கவில்லை. விற்கிறவன் பார்க்கக் கூடாது என்று காரணம் சொல்லிவந்தார்.

இன்னும் நாலு பேர் பெண் கேட்டு வந்தார்கள். நாலு பேரும் நல்ல காபி குடித்துவிட்டுப் போனார்கள். நெரிமானுக்கு முப்பது கடந்தது, நாற்பது கடந்தது. கோப்பையில் இருந்தவன் கட்டைவிரல் நகத்தின் அளவுக்கு வளர்ந்தான். மீசை தெரிந்தது, கோட்டில் ஒரு பொத்தான் இல்லாதது தெரிந்தது. அந்த அளவுக்கு ஒரு பொத்தானைத் தேடிவைத்து நூலும் கோர்த்து வைத்திருந்தாள். தான் வறுத்துக் கொடுக்கும் ஒவ்வொரு நூறு கிராமும் அவனை இன்னும் ஒரு வாரத் தூரம் அருகில் கொண்டுவருகிறது என்று ஷாகிருக்குத் தெரியும். எடை குறைத்துப் போடலாம் என்று ஒருமுறை தோன்றியது. அன்று வெட்கத்தில் பத்து கிராம் கூடுதலாகப் போட்டார்.

1978இல் நாட்டில் காபி தீர்ந்தது. வெளிநாட்டுப் பணம் இல்லை, கப்பல் வரவில்லை என்றார்கள். முதலில் பெரிய நகரங்களில் தீர்ந்தது, பிறகு இஸ்மீர், பிறகு பெர்காமா. ஷாகிர் கொண்டைக்கடலையை வறுத்து அரைத்து விற்றார். பார்லியையும் விற்றார். நெரிமான் இரண்டையும் குடித்துக் கவிழ்த்துப் பார்த்தாள். கடலை மண்டியில் எதுவும் தெரியவில்லை. பார்லி மண்டியில் ஒரு மாடு தெரிந்தது, அது படுத்திருந்தது. கடைசியாக நல்ல காபியில் பார்த்தபோது அவன் ஒரு அகலமான ஆற்றில் இறங்கிக்கொண்டிருந்தான். அது எந்த ஆறு என்பதில் பள்ளி ஆசிரியருக்கும் லாரி ஓட்டுநருக்கும் சண்டை. ஆசிரியர் கிஸிலிர்மாக் என்றார். ஓட்டுநர் சகார்யா என்றார். தண்ணீர் முழங்கால் வரை வந்திருந்தது என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

ஷாகிரிடம் இரண்டு கிலோ பச்சைக் காபிக்கொட்டை இருந்தது. கட்டிலுக்கு அடியில், பிஸ்கட் தகர டின்னில். ஒளித்துவைக்க வேண்டும் என்று முதலில் நினைக்கவில்லை. கடைசி மூட்டையின் அடியில் மிஞ்சியதைத் தனக்கென்று எடுத்துவைத்தார், அவ்வளவுதான். ஆனால் அந்தச் சனிக்கிழமை நெரிமான் கடைக்கு வந்து, “கொஞ்சம்கூட இல்லையா, ஷாகிர் எஃபெந்தி?” என்று கேட்டபோது, “இல்லை” என்ற சொல் அவர் அனுமதி இல்லாமலே வெளியே வந்துவிட்டது. அடுத்த சனிக்கிழமை அதையே மறுபடி சொல்லவேண்டி வந்தது. அவள் ஒவ்வொரு சனிக்கிழமையும் கேட்டாள். அவர் ஒவ்வொரு சனிக்கிழமையும் சொன்னார். அந்த டின்னிலிருந்து தனக்காக ஒரு கொட்டையைக்கூட எடுக்கவில்லை. படுக்கும்போது அது கட்டில் வழியாக முதுகில் குத்தியது.

அந்த மாதங்களில் நெரிமான் மெலிந்தாள். அவள் கன்னத்தில் இருந்த நிறம் போனது. தனக்குத் தெரிந்து ஒரு ஆள் தண்ணீரில் இறங்கினான், ஏறினானா என்று தெரியவில்லை என்றால் யாருக்குத்தான் சோறு இறங்கும் என்று சாதெத் கடைத்தெருவில் வைத்தே கேட்டாள்.

பதினாறாவது மாதம், இஸ்மீரில் இருந்த மொத்த வியாபாரியோடு பேசுவதற்காக ஷாகிர் தபால் நிலையத்துக்குப் போனார். இணைப்புக் கிடைக்கும் வரை கூண்டுக்குள் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார். ஏதோ கம்பி ஏதோ கம்பியோடு உரசி, நெரிமானின் குரல் வந்தது. அவள் அவரோடு பேசவில்லை.

“சிவாஸ், உங்க ஊர்ல காபி வந்துச்சா?”

“இல்லம்மா. நேத்துதானே கேட்டீங்க.”

“ஆத்தோரமா ஒரு ஆளு... தோள்ல மூட்டை, கோட்டுல ரெண்டாவது பொத்தான் இருக்காது. யாராவது பார்த்தேன்னு சொன்னாங்களா?”

“யாரும் சொல்லல. அவரு உங்களுக்கு என்ன வேணும்?”



“தெரியலம்மா. ஆனா பதினெட்டு வருஷமாத் தெரியும்,” என்றாள் நெரிமான். பிறகு கய்சேரி இணைப்பகத்தைக் கூப்பிட்டு அதையே கேட்டாள்.

ஷாகிர் ரிசீவரை மாட்டிவிட்டு வீட்டுக்கு நடந்தார். கட்டிலுக்கு அடியிலிருந்து டின்னை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார். பட்டப்பகலில், கதவைக்கூடச் சாத்தாமல் உருளையில் கொட்டி வறுத்தார். வாசனை எழுந்ததும் கடைத்தெரு நின்றுபோனது. செம்புக் கொல்லர்களின் சுத்தியல் ஒவ்வொன்றாக ஓய்ந்தது. சவரக் கடையிலிருந்து பாதி முகத்தில் சோப்போடு ஒருவர் வந்தார். நாற்பது ஐம்பது பேர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்கள். இரண்டு பேர் அழுதார்கள். “விக்கிறதுக்கு இல்ல,” என்றார் ஷாகிர். யாரும் கோபப்படவில்லை. அவர் அரைத்த காபியை டின்னில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கியதும், அத்தனை பேரும் பின்னாலேயே வந்தார்கள்.

கதவைத் திறந்தவள் நெரிமான்தான். வாசனை அவளுக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது. “கப்பல் வந்துடுச்சா?” என்றாள்.

பொய் சொல்வதற்கு அது நல்ல சந்தர்ப்பம். ஷாகிர் அதைக் கைவிட்டார். “என்கிட்டதான் இருந்துச்சு. ஆரம்பத்துலேருந்தே,” என்றார்.

அவள் டின்னை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். கூட்டம் வாசலில் காத்திருந்தது. சற்று நேரத்தில் ஜன்னல் திறந்தது; சாதெத் கோப்பையோடு வெளியே தலை நீட்டினாள். “இடுப்பளவு தண்ணி. நடு ஆத்துல நிக்கிறான். அசையல. தலையெல்லாம் நரைச்சுப்போச்சு,” என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். அவளுக்குப் பின்னால் நெரிமான் வந்தாள். அவள் கூட்டத்தைப் பார்க்கவில்லை.

“பதினாறு மாசமா அந்த மனுஷன் தண்ணிக்குள்ள நிக்கிறாரு, ஷாகிர் எஃபெந்தி,” என்றாள். ஜன்னலைச் சாத்தினாள்.

அதன் பிறகு சனிக்கிழமைகளில் நெரிமான் கடைப்பக்கம் வரவில்லை. டின்னில் இருந்தது ஒன்பது மாதம் வந்தது. தினமும் ஒரு கோப்பை குடித்தாள். தினமும் அவன் அதே இடத்தில் நின்றான். அவள் குடித்தும் அவன் நகரவில்லை என்பது ஷாகிருக்கு ஆறுதலாக இருந்திருக்கலாம். இருக்கவில்லை. அந்தக் குளிர்காலத்தில் அவர் தன் கால்களைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். பாதங்கள் எப்போதும் ஈரமாக இருப்பதுபோலவே பட்டது. ராணுவம் ஆட்சியைப் பிடித்த ஆண்டின் இறுதியில் இஸ்மீர் துறைமுகத்தில் காபி இறங்கியது. பெர்காமாவுக்கு மூட்டைகள் வந்த வாரமே அவன் கரையேறிவிட்டான் என்று சாதெத் கடையில் வந்து சொன்னாள். ஷாகிர் அவளுக்கு நூறு கிராம் கட்டிக் கொடுத்தார். அதற்குப் பிறகு அவன் வேகமாக வந்தான். ஒரு கட்டத்தில் கோப்பைக்குள் அவன் முகம் கொள்ளவில்லை. தாடை மட்டும் தெரிந்தது, அப்புறம் பொத்தான் இல்லாத இடம் மட்டும் தெரிந்தது, அப்புறம் கோட்டுத் துணியின் நெசவு.

1981 மார்ச், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, சோமா சாலை வழியாக அவன் ஊருக்குள் வந்தான். இடுப்பிலிருந்து கீழே நனைந்திருந்தான். கல் பாவிய தெருவில் அவன் பின்னால் தண்ணீர்க் கோடு ஒன்று வந்தது. பூனைகள் அதை நக்கிப் பார்த்தன. வாசனையைப் பிடித்துக்கொண்டு நேராக ஷாகிரின் கடைக்கு வந்து நின்றான். ஷாகிர் அவனை ஒருநாளும் கோப்பையில் பார்த்ததில்லை, ஆனாலும் தெரிந்துகொண்டார்.

“ஒரு காபி கிடைக்குமா அண்ணே? சக்கரை வேணாம்.”

ஷாகிர் நீண்ட பிடி வைத்த ஜெஸ்வேயில் காபியைக் கலந்து கரியில் செருகி, நுரை எழுந்ததும் ஊற்றி, பக்கத்தில் ஒரு தம்ளர் தண்ணீரோடு வைத்தார். வந்தவன் முதலில் தண்ணீரை எடுத்துக் குடித்தான். தண்ணீரை முதலில் எடுக்கிற விருந்தாளிக்குப் பசி என்று பொருள். ஷாகிர் எதுவும் கேட்காமல் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் கொண்டுவந்து வைத்தார். அவன் பெயர் ஹாலித், ஊர் கார்ஸ். சாப்பிடும்போது கண்ணை மூடிக்கொண்டான். இவனை டிக்கிலி சாலையில் திருப்பி விட்டுவிட்டால் அரை மணி நேரத்தில் ஊரைத் தாண்டிவிடுவான் என்று ஷாகிர் நினைத்தார். நினைத்து முடித்துவிட்டுக் கடையைப் பூட்டினார்.

“வாங்க. உங்களை ஒருத்தங்க ரொம்ப நாளா எதிர்பார்த்துக்கிட்டு இருக்காங்க,” என்றார்.

“என்னையா?” என்று ஹாலித் கேட்டான். அவனுக்கு உண்மையாகவே ஆச்சரியம்.

நெரிமான் அவனைப் பார்த்ததும் அடுப்படிக்குப் போனாள். நாலு கோப்பைகளோடு திரும்பி வந்தாள். ஷாகிருக்குக் கிடைத்தது வழக்கம்போல் அருமையான காபி. ஹாலித் தன் கோப்பையை நிதானமாகக் கடைசி வரை குடித்தான். “உங்க ஊர்த் தண்ணி கொஞ்சம் உப்புபோல. ஆனா காபி நல்லா இருக்கு,” என்றான். யாரும் சிரிக்கவில்லை. சாதெத் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டாள். நெரிமான் நூல் கோர்த்த ஊசியோடு எழுந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்து கோட்டில் பொத்தானைத் தைக்கத் தொடங்கினாள். அவன் கூச்சத்தோடு அசையாமல் இருந்தபடி, பழக்கத்தில் கோப்பையைக் கவிழ்த்தான். அவள் நூலைக் கடிப்பதற்குள் திறந்து பார்த்தான். அவன் முகம் ஒரு விளக்கை ஏற்றியதுபோல் ஆனது.

“இங்கேருந்து கடலுக்கு எந்தப் பக்கமா போகணும்?”

நெரிமான் அவன் கையிலிருந்து கோப்பையை வாங்கினாள். மண்டியில் ஒரு பெண் கடற்கரையோரமாக, முதுகைக் காட்டிக்கொண்டு நடந்துபோய்க்கொண்டிருந்தாள். இளம்பெண். தலைத்துணி காற்றில் பறந்தது.

“இருபது வருஷமா இவ பின்னாலதான் வர்றேன்,” என்றான் ஹாலித். “கார்ஸ்ல ஒரு காபிக் கடையில முதல்ல பார்த்தேன். திரும்பிப் பார்க்கவே மாட்டா. வேலை செய்வேன், குடிப்பேன், அவ எந்தப் பக்கம் போறான்னு பார்ப்பேன், நடப்பேன். அப்புறம் காபி இல்லாமப் போச்சு. நான் அப்ப ஆத்துக்கு நடுவுல. அவ எந்தக் கரையில ஏறினான்னு தெரியாம நான் எந்தக் கரையில ஏறுறது? நின்னுட்டேன்.”

“குளிரலையா?” என்று நெரிமான் கேட்டாள்.

“குளிருச்சு.”

அவள் எழுந்துபோய் சாதெத்தின் புருஷனுடைய பழைய காற்சட்டை ஒன்றைக் கொண்டுவந்தாள். அவன் மாற்றிக்கொண்டதும் அதுவும் நனைந்துவிட்டது. ரொட்டி கட்டிக் கொடுத்தாள். ஆலிவ் செக்கு வந்ததும் இடது பக்கம் திரும்பி நேராகப் போனால் சாயங்காலத்துக்குள் டிக்கிலி, அங்கே கடல் என்று வழி சொன்னாள். கடைசியில் தன் காபி டப்பாவை எடுத்து அதில் இருந்தது முழுவதையும் ஒரு துணியில் கொட்டி முடிந்து அவன் மூட்டைக்குள் வைத்தாள். “நடுவுல நிக்க வேண்டாம்,” என்றாள். அவன் அவள் கையை எடுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டு போனான். தெருமுனை வரை ஷாகிர் வழியனுப்பினார். திரும்பி வந்தபோது வீட்டுக்கதவு சாத்தியிருந்தது. தரையில் மட்டும் ஈரம்.

பதினோரு நாள் அவன் முதுகு அவள் கோப்பையில் தெரிந்தது. பிறகு மண்டி வெறும் மண்டியானது. மீன்கூட விழவில்லை. நெரிமான் காபி குடிப்பதை விட்டாள். வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. சிவாஸ், கய்சேரி இணைப்பகத்துப் பெண்கள் அவளைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தார்கள். மருத்துவர் வந்து கையைப் பிடித்துப் பார்த்தார். நாடி ரொம்ப இறங்கியிருக்கிறது, தினமும் ஒரு காபி, பக்கத்தில் ஒரு தம்ளர் தண்ணீர், வேறு மருந்து எழுத ஒன்றுமில்லை என்றார். சாதெத் போட்ட காபியில் எந்தக் காலத்திலும் நுரை வந்ததில்லை. அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனாள்.

“கெடுத்தவரே வந்து சரிபண்ணுங்க. நாலு மணிக்கு வாங்க. உங்க ஜெஸ்வேயையும் கொண்டாங்க,” என்றாள் ஷாகிரிடம்.

அப்படித்தான் ஷாகிர் தினமும் நாலு மணிக்கு அந்த வீட்டுக்குப் போக ஆரம்பித்தார். முதல் வாரம் நெரிமான் அவரைப் பார்க்கவே இல்லை. குடித்தாள், தம்ளரைக் காலி செய்தாள், ஜன்னலுக்குத் திரும்பிக்கொண்டாள். இரண்டாவது வாரம் வறுவல் கொஞ்சம் இளசாக இருக்கிறதே என்றாள். எப்போதும் அப்படித்தான் என்றார் அவர். எப்போதிலிருந்து என்று கேட்டாள், ஆண்டைச் சொன்னார். அன்று அவள் ஜன்னலுக்குத் திரும்பிக்கொள்ளவில்லை. நாற்பதாவது நாள், அவர் வழக்கம்போல் நிமிர்த்தி வைத்த கோப்பையை எடுத்துத் தட்டால் மூடி அவளே கவிழ்த்துவிட்டாள். அவர் தடுக்கக் கை நீட்டினார். ஆனால் கோப்பையைத் தொடவில்லை. ஆறியதும் திறந்து பார்த்தாள்.

உள்ளே ஒரு பெண் ஜன்னலோரமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கையை மடியில் வைத்திருந்தாள்.

“உங்களோடது நடக்கல,” என்றாள் நெரிமான்.

“தெரியும்.”

“பார்க்காமலே எப்படித் தெரியும்?”

“அவ நடந்து வரமாட்டான்னு தெரிஞ்சதாலதான் நான் இத்தனை வருஷமாக் கவிழ்க்கல.”

நெரிமான் கோப்பையைக் கழுவினாள். மறுநாளும் கவிழ்த்தாள். அந்தப் பெண் அப்படியே இருந்தாள். நெரிமான் வேலைக்குத் திரும்பினாள். கன்னத்தில் நிறம் வந்தது. நாடி சரியாகிவிட்டது, இனி மருந்துபோல் குடிக்க வேண்டியதில்லை என்று மருத்துவர் சொன்னதை வீட்டில் யாரும் ஷாகிரிடம் தெரிவிக்கவில்லை. தெருவில் இருந்தவர்கள் ஒரு மாதம் விசாரித்தார்கள். உட்கார்ந்திருக்கிறவளைப் பற்றித் தினமும் என்ன கேட்பது? விட்டுவிட்டார்கள். மூன்று திராட்சை அறுவடை கழிந்தது. ஷாகிருக்கு மூக்குக் கண்ணாடி வந்தது. நாலு மணிக்கு அவர் வர ஐந்து நிமிடம் தாமதமானால் சாதெத் தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, “வழுக்கி விழுந்துட்டாரோ என்னவோ,” என்பாள். நெரிமான் ஜன்னலைத் திறப்பாள்.

1984 அக்டோபரில், மழை பெய்துகொண்டிருந்த ஒரு பிற்பகல், அவள் அவருடைய கோப்பையைத் திறந்து பார்த்துவிட்டு வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள்.

“எழுந்துட்டா,” என்றாள்.

ஷாகிர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொள்ள மறந்துவிட்டார். “எந்தப் பக்கம் போறா?”

“இன்னும் எங்கயும் போகல. நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறா. இத்தனை நாள் உக்காந்ததுல கால் மரத்துப்போயிருக்கும்ல.”

“அவசரப்படுத்தாதீங்க அவளை,” என்றாள் சாதெத், தையலிலிருந்து தலையை நிமிர்த்தாமல்.

“யாரு அவசரப்படுத்துறா?” என்றார் ஷாகிர்.

நெரிமான் கோப்பையை அவர் முன்னால் வைத்தாள். “இன்னொண்ணு போடு ஷாகிர், பார்க்கலாம்,” என்றாள்.

அவர் எழுந்துபோய் ஜெஸ்வேயில் தண்ணீர் அளந்து ஊற்றி, அடுப்பில் வைத்தார். தீயைக் குறைத்தார். சின்னத் தீயில் நுரை எழுவதற்கு நாலு நிமிடம் ஆகும்.